வயிறு குறைய எந்த வழி? எங்களுக்குள் நாலு பேர் பார்த்த நாலு வழிகள்

போன வருசம் தைப்பொங்கல் முடிந்த கிழமை, இருமலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் டாக்டர் என்னைத் தராசில் ஏற்றவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, தையல்காரர் கழுத்தில் போட்டிருப்பது போன்ற ஒரு டேப்பை எடுத்தார். விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் வைத்து, மூச்சைச் சாதாரணமாக வெளியே விடச் சொல்லி அளந்தார். 93 சென்டிமீட்டர். "உங்கட எடை பெரிய பிரச்சினை இல்லை. இந்த வயிறுதான் பிரச்சினை" என்றார். வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சீனியும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

எனக்கு 46 வயது, உயரம் 158 சென்டிமீட்டர். கை, கால், முகம் எல்லாம் மெலிவு. அதனால் என்னை உடம்பு வைத்தவளாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தெற்காசிய ஆட்களின் உடல்வாகு இப்படித்தான். ஒரே எடையில் இருக்கும் ஐரோப்பியரைவிட எங்களுக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம். அதனால்தான் எங்களுக்கான எல்லையையும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள்: இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே, ஆண்களுக்கு 90க்குக் கீழே. இன்னும் சுலபமாகச் சொன்னால், இடுப்பு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. என் உயரத்துக்கு அது 79. நான் 14 சென்டிமீட்டர் தள்ளி நின்றேன்.

அந்த வருசம் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலும் சொந்தத்துக்குள்ளும் நாலு பேர் வயிற்றைக் குறைக்க இறங்கியிருந்தோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி. இவர், என் கணவர், ஜிம்மில் சேர்ந்தார். மச்சாள் சோற்றை விட்டார். மூன்றாம் மாடி அக்கா மணிக்கணக்குப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார். நான் ஃபோனைப் பார்த்து வயிற்றுப் பயிற்சி செய்தேன். பத்து மாதம் எல்லோரையும் பக்கத்தில் இருந்து பார்த்ததையும், அதோடு தேடி வாசித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எது சரி எது பிழை என்பதைவிட, கொழும்பு வாழ்க்கைக்குள் எது நிலைக்கும் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி

என் வழியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கூடுதலான ஆட்கள் முதலில் விழுவது இங்கேதான். காலையில் பாயை விரித்து, மல்லாந்து படுத்து எழும்புவது, காலைத் தூக்குவது, முழங்கையில் ஊன்றி நிற்கும் பிளாங்க். ஆறு கிழமை ஒருநாளும் தவறவிடவில்லை. முதுகுவலி நன்றாகக் குறைந்தது. நிமிர்ந்து இருக்க முடிந்தது. டேப்பில் அரை சென்டிமீட்டர்தான் மாறியது.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 24 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு நான் செய்தது போலவே ஆறு கிழமை வயிற்றுப் பயிற்சி கொடுத்தார்கள். தசையின் தாங்கும் வலு கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. அதற்கு நாற்பது வருசம் முன்பே, 1971இல், டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மட்டை பிடிக்கும் கை மற்றக் கையைவிடப் பருமன். ஆனால் தோலுக்குக் கீழே இருந்த கொழுப்பின் தடிப்பு இரண்டிலும் ஒன்றுதான். வருசக்கணக்காக ஒரு கையால் மட்டும் ஆடியும் அந்தக் கையின் கொழுப்பு தனியாகக் கரையவில்லை. உடம்புக்குச் சக்தி போதாமல் வரும்போது அது இரத்தத்தின் வழியாக எல்லா இடத்திலிருந்தும் கொழுப்பை எடுக்கிறது. எங்கே முதலில், எங்கே கடைசியில் என்பதை நாங்கள் தீர்மானிக்க முடியாது.

இதில் ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. வயிற்றுக் கொழுப்பு இரண்டு வகை. ஒன்று ஈரலையும் குடலையும் சுற்றி உள்ளே இருப்பது. சீனி வருத்தத்தையும் இதய நோயையும் கொண்டுவருவதில் பெரிய பங்கு அதற்குத்தான். மற்றது தோலுக்குக் கீழே, கையால் பிடித்தால் பிடிபடுவது. சாப்பாட்டைக் குறைத்து உடம்பை அசைக்கத் தொடங்கினால் பெரும்பாலும் உள்ளே இருப்பது முந்திக் குறைகிறது. தொப்புளுக்குக் கீழே பிடிபடும் மடிப்பில் இருக்கும் கலங்கள் கொழுப்பை விடுவதில் மந்தம், அது கடைசியில்தான் போகும். ஆகவே கண்ணாடியில் ஒன்றும் தெரியாத முதல் இரண்டு மாதத்தில் உள்ளே நல்லது நடந்துகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் "எனக்குச் சரிவராது" என்று கைவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் கவலை.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சை பற்றியும் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வில் 15 பெண்களுக்குச் சராசரியாகப் பத்து கிலோ அளவில் தோலடிக் கொழுப்பை எடுத்தார்கள். மூன்று மாதம் வரை கழித்துப் பார்த்தபோது இன்சுலினுக்கு உடம்பு பதில் சொல்லும் விதத்திலும், இரத்த அழுத்தத்திலும், கொலஸ்ட்ரோலிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உறிஞ்சப்பட்டது வெளிக் கொழுப்பு, தீங்கு செய்வது உள்ளே அப்படியே இருந்தது. வியர்க்க வைக்கும் பெல்ட், பூசும் க்ரீம் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெல்ட்டால் குறைவது தண்ணீர், ஒரு போத்தல் தண்ணீர் குடித்தால் திரும்பி வரும்.

சோற்றை அடியோடு விட்டால்?

மச்சாள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். முதல் கிழமையிலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று சந்தோசமாக ஃபோன் எடுத்தார். மாச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து செலவாகும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து போகும். தராசு இறங்கியதற்குப் பெரும் காரணம் அதுதான். இரண்டாம் மாதம் அவர் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டேன்:

"பின்னே இரவுக்கு என்ன சாப்பிடுறீர்?"

"பாண்தான் மச்சாள். சில நாள் ரொட்டி. சோறில்லாட்டி வயிறு வைக்காதாம்."

இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. சோறு போன இடத்துக்குக் கோதுமை மா வந்துவிட்டது: பாண், தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி, நூடில்ஸ், கொத்து. ரொட்டியில் தேங்காயும், கொத்தில் எண்ணெயும் சேர்ந்து சோற்றைவிடக் கனமாகிவிடுகின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. சமைத்த சோறு ஒரு கோப்பை 200 கலோரி அளவு. கொத்துக் கடையில் தகட்டின் மேல் எண்ணெய் ஊற்றுவதை ஒருமுறை நின்று பார்த்தால் இந்தக் கணக்கு தானாக விளங்கும்.

சிவப்பரிசிக்கு மாறினால் போதுமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. தவிடு இருக்கும் அரிசியில் நார்ச்சத்து கூட, பசி சற்றுத் தாமதமாக வரும், சீனியும் கொஞ்சம் மெதுவாக ஏறும். நல்ல மாற்றம், நானும் மாறினேன். ஆனால் கலோரியில் சம்பாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. குரக்கன் மாவும் அப்படியே. குரக்கன் பிட்டு என்று சொல்லி இரண்டு மடங்கு சாப்பிட்டால் வயிறு குறையாது.

சோற்றை முற்றாக விட்டு வருசக்கணக்காக இருக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பலன் தரும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் கல்யாண வீடு, திவசம், கோயில் அன்னதானம் எல்லாம் சோற்றில்தான் நிற்கின்றன. மச்சாள் மூன்றாம் மாதம் ஓர் அந்தியேட்டிச் சாப்பாட்டோடு பழையபடி திரும்பினார், போன எடையும் திரும்பியது. அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவர் எடுத்த வழி எங்கள் வாழ்க்கைக்கு அவ்வளவு தூரத்தில் இருந்தது.

மணி பார்த்துச் சாப்பிடுவது

மூன்றாம் மாடி அக்காவுக்கு 62 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. தனியாக இருக்கிறார். காலை பத்து மணிக்கு முதல் சாப்பாடு, பின்னேரம் ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு தண்ணீரும் சீனியில்லாத பிளேன்டீயும் மட்டும். ஐந்து மாதத்தில் இடுப்பு 95இலிருந்து 89க்கு வந்தது. எங்கள் நாலு பேரிலும் முதலில் பலன் கண்டவர் அவர்தான்.

வெள்ளி விரதமும் கந்தசஷ்டியும் பிடித்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆனால் நேரத்தைச் சுருக்குவதிலேயே தனி மந்திரம் ஏதும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருசம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. எல்லோரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பாதியினர் மட்டும் காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இடையில் சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சராசரியாக எட்டு கிலோவும் மற்றவர்களுக்கு ஆறு கிலோ சொச்சமும் குறைந்தது. புள்ளிவிவரப்படி அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது. அப்படியென்றால் அக்காவுக்குப் பலித்தது எதனால்? ஆறு மணிக்குப் பிறகு சாப்பிடும் எல்லாம் அவர் நாளிலிருந்து கழன்றுவிட்டது. அதை நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை, பிறகுதான் விளங்கியது.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்கள், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இப்படி நேரம் விட்டுச் சாப்பிடக் கூடாது. சீனி சட்டென்று கீழே இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது வேண்டாம்.

ஜிம்

இவருக்கு 50 வயது. இடுப்பு 104. கோட்டையில் வேலை முடிந்து ஆறரைக்கு ஜிம், ஒன்பது மணிக்கு வீடு. கிழமையில் நாலு நாள். எடை தூக்கும் பயிற்சி உடம்புக்கு எவ்வளவு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாப்பாட்டைக் குறைத்து மட்டும் மெலியும்போது கொழுப்போடு தசையும் போகிறது. தசையைப் பிடித்து வைத்திருக்க எடைப் பயிற்சிதான் வழி. நாற்பதைத் தாண்டிய எங்களுக்கு, முக்கியமாக மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்கு, இது இன்னும் தேவை. அந்த வயதில் உடம்பில் கொழுப்பு சேரும் இடமே மாறி வயிற்றுப் பக்கம் வருகிறது.

ஆனால் மூன்று மாதத்தில் இவருடைய இடுப்பு இரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கியது. நாலு மாடிப் படி மூச்சு வாங்காமல் ஏறினார், தோள் அகன்றது, வயிறு கிட்டத்தட்ட அப்படியே. காரணத்தை நான் தினமும் கண்ணால் கண்டேன். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்ததும் கை கழுவிவிட்டு நேரே மேசைக்கு வருவார். பதினைந்து இடியப்பம், சொதி, சம்பல், மீன் குழம்பு. "என்னப்பா, இவ்வளவு பசியோ?" என்றால், "இண்டைக்கு நல்லாச் செய்தனான்" என்பார். ஒரு மணி நேரம் வியர்த்து எரித்ததை இருபது நிமிடத்தில் திரும்ப ஏற்றிக்கொண்டார். உடற்பயிற்சியால் மட்டும் வயிற்றைக் குறைக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு இடிக்கும்.

வேகமாக ஓடி, இடைக்கிடை நின்று, திரும்ப ஓடும் பயிற்சியைப் பற்றியும் கேட்பார்கள். நேரம் மிச்சம், ஆனால் கொழுப்பு குறைவதில் சாதாரணமாகத் தொடர்ந்து செய்யும் பயிற்சிக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை. முழங்கால் நோ உள்ளவர்கள் அதற்குப் போகாமல் நடந்தாலே நல்லது.

நடை

கொழும்பில் நடக்க இடம் இல்லை என்று சொல்ல முடியாது. எங்களுக்கு மரைன் டிரைவ், ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். காலை ஐந்தரைக்கே ஆட்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய பாதை, பாராளுமன்றப் பக்கம் தியவன்னா ஓயாக் கரை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று உண்டு. வெயில் ஏறினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் முடியாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை நடையைக் கெடுக்கும். அதனால் காலை நடைதான் இங்கே நிலைக்கும் என்பது என் அனுபவம்.

உலக சுகாதார நிறுவனம் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. கதைக்க முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவு வேகம்தான் மிதம். எழுபது எழுபத்தைந்து கிலோ உள்ள ஒருவர் அப்படி முக்கால் மணி நேரம் நடந்தால் 200 கலோரி அளவில் செலவாகும். பொரித்த ரோல் ஒன்று அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடும். இதைக் கேட்டு மனம் சோரத் தேவையில்லை. எடை ஓர் இம்மியும் இறங்காவிட்டாலும் தொடர்ந்து நடப்பவர்களின் உள்வயிற்றுக் கொழுப்பு குறைகிறது. இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், தூக்கம் மூன்றுக்கும் நல்லது. இறங்கிய எடையைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருப்பதிலும் நடைக்குப் பெரிய பங்கு உண்டு.

தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு: 100, 101 பஸ்ஸில் வருகிறவர்கள் பம்பலப்பிட்டியில் இறங்கி வெள்ளவத்தைக்கு நடக்கலாம். நான் வேலை முடிந்து வரும்போது வெயில் தாழ்ந்த நாட்களில் அப்படித்தான் வருகிறேன். 25 நிமிடம் பிடிக்கும்.

ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில்

சித்திரை மாதம் ஒரு கிழமை முழுக்க, நாங்கள் சாப்பிட்டது எல்லாவற்றையும் நேரத்தோடு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஏழு நாள் முடிந்து தாளைப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. காலையும் மத்தியானமும் இவரும் நானும் சாப்பிட்டது அளவாகத்தான் இருந்தது. வேலை விட்டதிலிருந்து இரவு பத்து மணி வரை உள்ள நேரம்தான் தாளை நிரப்பியிருந்தது. வேலைத்தலத்துக்குக் கீழே ஒரு ரோலும் ஒரு பட்டிஸும். வீட்டுக்கு வந்ததும் பால் தேத்தண்ணீர், அதோடு மிக்சர். பிள்ளைகளுக்குக் கொத்து எடுத்தால் அதில் கொஞ்சம். ஒன்பதரைக்கு இரவுச் சாப்பாடு. டிவிக்கு முன்னால் இரண்டு பிஸ்கட். நாள் முழுவதும் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் அந்த நாலு மணி நேரத்துக்குள்.

இரவில் சாப்பிடுவதெல்லாம் கொழுப்பாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதற்குமான மொத்தம்தான் கணக்கு. ஆனால் களைப்பும் பசியும் சேர்ந்து வரும் அந்த நேரத்தில்தான் கை தாராளமாகிறது. அக்காவுக்குப் பலித்ததும் இவருக்குப் பலிக்காததும் இந்த ஓர் இடத்தால்தான். அக்கா அந்த நாலு மணி நேரத்தை மூடினார். இவர் அதை ஜிம்மால் நிரப்பி, முடிவில் இரட்டிப்பாகச் சாப்பிட்டார். அன்றிலிருந்து யாராவது என்னிடம் எந்த வழி நல்லது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பின்னேரத்தை அது என்ன செய்யும்?

அந்தக் கிழமையில் இன்னொன்றும் செய்தேன். வீட்டுக்குச் சமைக்க முடியாத ஒரு நாள் எடுத்த சோத்துப் பார்சலைப் பிரித்து, சோற்றை மட்டும் தேத்தண்ணீர்க் கோப்பையால் அளந்தேன். வாழையிலையும் லஞ்ச் சீட்டும் இறுக்கிப் பிடித்திருந்த சோறு கோப்பையில் போட்டதும் பொங்கிப் பூத்தது. நாலு கோப்பை நிரம்பி இன்னும் ஒரு பிடி மிஞ்சியது. கறிகளை விட்டு, சோறு மட்டுமே 800 கலோரிக்கு மேல். மீன் துண்டு ஒன்று, விரல் நீளம். பருப்பு இரண்டு கரண்டி. கீரை பெயருக்கு. பசி அடங்குவது புரதத்தாலும் நாராலும்தான். அந்த இரண்டும் ஓரத்திலும் சோறு நடுவிலும் இருந்தது.

தேத்தண்ணீரையும் எண்ணினேன். நாளுக்கு நாலு கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் 40 கிராம், 160 கலோரி. சேர்க்கும் சீனியை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இனிப்புப் பலகாரம் ஒன்றும் தொடாமலே நான் அதைத் தாண்டியிருந்தேன். சோடாப் போத்தல்களில் 2016இலிருந்து நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. கடையில் நின்று அந்த வட்டத்தைப் பார்க்க ஒரு நொடி போதும்.

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். பின்னேரம் நாலரைக்கு, பசி பிடிக்கும் முன்பே, அவித்த கடலையோ கௌபியோ பயறோ ஒரு கோப்பை, இல்லையென்றால் இரண்டு அவித்த முட்டை. இவர் அதை ஒரு சின்ன டப்பாவில் வேலைக்கே கொண்டு போகிறார். ரோல் கடையைத் தாண்டி வர மனவலிமை தேவைப்படவில்லை, வயிறு நிறைந்திருந்தது. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னேற்றினோம். இடியப்பம் எனக்கு ஐந்து, இவருக்கு ஏழு. குறைந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. கெட்டிப் பருப்பு, பெரிய துண்டு மீன், வல்லாரைச் சம்பல், பயற்றங்காயோ கத்தரிக்காயோ ஒரு கறி. சொதிக்கு முதற்பால் விடாமல் இரண்டாம் பாலோடு நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் வீட்டில் முணுமுணுப்பு, அப்புறம் யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி நாளில் சோயா மீட் அல்லது கடலைக் கறி. சீனியை ஒரே நாளில் நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்தேன். இப்போது அரைக் கரண்டியில் நிற்கிறேன். பழைய அளவு போட்டுத் தந்தால் குடிக்க முடியவில்லை.

கொள்ளுச் சூப் வைத்தால் போதாதா என்று அம்மா கேட்டார். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி வைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. நல்ல புரதமும் நாரும் உள்ள தானியம் அது, பசியைத் தாங்கும். நாங்கள் பின்னேரக் கடலைக்குப் பதிலாகச் சில நாள் கொள்ளு அவித்துச் சாப்பிடுகிறோம். மற்றதெல்லாம் பழையபடி சாப்பிட்டுவிட்டு மேலதிகமாகச் சூப் குடித்தால் ஒன்றும் நடக்காது.

இவர் ஜிம்மை விடவில்லை. நாலு நாளை இரண்டாக்கி, சனியும் ஞாயிறும் காலைக்கு மாற்றினார். நான் செவ்வாயும் சனியும் வீட்டிலேயே செய்கிறேன். ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக் கதிரையில் இருந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அதே பையைத் தோள் பையில் போட்டுக் குனிந்து இழுப்பது, பிளாங்க். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தரம், மூன்று சுற்று. அரை மணிக்குள் முடிந்துவிடும். சுலபமானதும் பையை மாற்ற வேண்டும், நான் இப்போது பத்துக் கிலோவில். காலை நடை கிழமைக்கு நாலு நாள்.

பத்து மாத முடிவில் நான் 93இலிருந்து 85. இவர் 104இலிருந்து 96. இரண்டு பேருமே எல்லைக்குள் இன்னும் வரவில்லை. ஆனால் வெறும் வயிற்றுச் சீனி எனக்குச் சரியான அளவுக்குத் திரும்பியிருக்கிறது. நடுவில் ஒன்றரை மாதம் டேப் அசையவே இல்லை. எடை இறங்க இறங்க உடம்புக்குத் தேவைப்படும் கலோரியும் இறங்குவதால் எல்லோருக்கும் வரும் தேக்கம் அது. அந்த நேரம் இரவில் பன்னிரண்டு மணிக்குப் படுக்கும் பழக்கத்தைப் பதினொன்றுக்குள் கொண்டுவந்தேன். தூக்கம் குறைந்தால் அடுத்த நாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். அதையும் நான் தாளில் எழுதித்தான் கண்டேன்.

யாருக்கு எது

தனியாக இருப்பவர், சமையல் தன் கையில், சீனிக்கு மருந்து இல்லை என்றால் அக்காவின் வழி நல்லது. குடும்பத்தோடு இரவில் ஒன்றாக இருந்து சாப்பிடும் வீடுகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அந்த நேரத்தில்தான். அவர்களுக்கு நாலரை மணிக் கடலையும் ஏழரை மணிச் சாப்பாடும்.

ஏற்கனவே ஜிம்முக்குக் காசு கட்டியிருப்பவர் அதை விட வேண்டாம், நேரத்தை மட்டும் காலைக்கு மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் போகும் முன் எதையாவது புரதமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இன்னும் ஒன்றும் தொடங்காதவர் ஜிம்மில் தொடங்க வேண்டியதில்லை. முதல் மாதம் பின்னேரச் சாப்பாட்டையும் தேத்தண்ணீர்ச் சீனியையும் மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் மாதம் நடையைச் சேருங்கள், மூன்றாம் மாதம் அரிசிப் பையை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கியவர்களை நான் மூன்றாவது திங்கட்கிழமை பார்த்திருக்கிறேன், ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் 7,700 கலோரி அளவு இருக்கிறது. அரைக் கிலோ குறைய நாளுக்கு 500 கலோரிக்கு மேல் விட வேண்டும். அதைவிட மிக வேகமாகப் போகப் பார்த்தால் பட்டினியில்தான் முடியும். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். நெஞ்சு நோ, படி ஏறும்போது இறுக்கம், சீனி வருத்தம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். எடை குறைக்க இப்போது வரும் ஊசிகளும் அவர் சொல்லித்தான், பக்கத்து வீட்டார் சொல்லி அல்ல.

இரவு எட்டு மணிக்குத்தான் கடை பூட்டி வீட்டுக்கு வருகிறேன், ஏழரைக்கு எப்படிச் சாப்பிடுவது என்று புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னது: வீட்டுச் சாப்பாட்டை ஆறரைக்குக் கடையிலேயே சாப்பிட்டுவிடும், வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு இருந்து ஒரு கோப்பை இரசமோ சூப்போ குடியும். அவருடைய மனைவி இப்போது மத்தியானச் சாப்பாட்டோடு இரண்டாவது டிபன் ஒன்றும் கட்டி அனுப்புகிறார். போன கிழமை டேப்போடு வந்தார், 101இலிருந்து 98.